முதல் பூவை நம்பாதீர்கள்: பெங்களூரு மாடியில் புது ரோஜாவை வளர்த்துப் பார்ப்பது

புது ரகம் வாங்கும்போது ஒரே ஒரு செடி வாங்காதீர்கள். கையைக் கடித்தால் இரண்டு, முடிந்தால் மூன்று. ஒற்றைச் செடி சரியாகப் பூக்கவில்லை என்றால், குறை ரகத்திலா, ஒட்டிலா, தொட்டியில் தண்ணீர் தேங்கியதிலா என்று கடைசிவரை தெரியாது. மூன்றும் ஒரே மாதிரி சோம்பினால் ரகத்தின் மேல் சந்தேகப்படலாம். ஒன்று மட்டும் சோம்பினால் அந்தத் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள்.

கூடவே, உங்களுக்கு நன்றாகப் பழகிய பழைய ரகம் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். என் மாடியில் அந்த வேலைக்கு 'டபுள் டிலைட்' இருக்கிறது. 1977-இல் வந்த ரகம். அது ஒரு மழைக்காலத்தில் எப்படி இருக்கும், ஏப்ரல் வெயிலில் எப்படி வாடும் என்று எனக்கு அத்துப்படி. புதுச் செடியின் இலையில் கரும்புள்ளி நோய் வரும்போது 'டபுள் டிலைட்'டிலும் வந்திருந்தால், சரி, சீசன் அப்படி என்று விட்டுவிடலாம். பழையது பச்சைப்பசேல் என்று நிற்க, புதுசு மட்டும் இலை கொட்டினால் நோட்டில் எழுத வேண்டியதுதான்.

அல்சூரில் இரண்டாம் மாடிக்கு மேலே முப்பது சொச்சம் தொட்டிகள் வைத்திருக்கிறேன். பெரிய தோட்டக்காரன் இல்லை. ஆனால் புது ஹைப்ரிட் டீ ரகங்களைக் கண்காட்சி மேசைக்குக் கொண்டுபோகும் ஆசையில் செய்யக்கூடிய தப்பெல்லாம் செய்திருக்கிறேன். புதிதாக இறங்குகிறவர்களுக்கு அது கொஞ்சம் உதவும்.

வாங்கும்போது

ஹைப்ரிட் டீ என்றால் நீளத் தண்டு, தண்டுக்கு ஒரு பூ, நடுவில் கூம்பாக எழும்பிய மொட்டு, அதைச் சுற்றி இதழ்கள் பின்னால் மடிந்து விரியும் வகை. 1867-இல் வந்த 'லா பிரான்ஸ்' முதல் ஹைப்ரிட் டீ என்று கணக்கு. மார்க்கெட்டில் கிலோ கணக்கில் அள்ளும் பன்னீர் ரோஸும் பட்டன் ரோஸும் வேறு ஜாதி.

இங்கே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். நம் ஊர் நர்சரிகளில் 'புதுசு' என்று வருவதில் ஒரு பங்கு, ஓசூர் பக்கத்துப் பாலிஹவுஸ்களில் கொய்மலருக்கு வளர்க்கும் ரகங்கள். குச்சி மாதிரி நேரான தண்டு, பெட்டியில் அடைத்தால் தாங்கும் இதழ், மணம் அநேகமாக இருக்காது. பிளாஸ்டிக் கூரைக்குள் மழை படாமல் சொகுசாக இருந்தது, உங்கள் மொட்டை மாடியில் வெயிலும் தூறலும் பட்டதும் வேறு செடியாகிவிடும். வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. எனக்கு நல்ல தண்டு தந்த இரண்டு செடிகள் அப்படி வந்தவைதான். எங்கிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பெயரையும் இரண்டு தடவை கேளுங்கள். ஒரே ரோஜாவுக்கு நாட்டுக்கொரு பெயர் இருக்கும். நாம் 'பீஸ்' என்று சொல்வது பிரான்ஸில் 'மேடம் ஏ. மெய்லான்', ஜெர்மனியில் 'குளோரியா டே'. 'சூப்பர் ஸ்டார்' அமெரிக்காவில் 'டிராபிகானா'. வெளிநாட்டுப் புது ரகங்களுக்கு விற்பனைப் பெயர் தவிர ஒரு பதிவுப் பெயரும் உண்டு. அதன் முதல் மூன்று ஆங்கில எழுத்து பெரும்பாலும் உருவாக்கியவரைக் காட்டும்: 'மெய்' என்றால் மெய்லான், 'கோர்' என்றால் கோர்டெஸ், 'டான்' என்றால் டான்டாவ். கண்காட்சியில் பெயர்ச் சீட்டு எழுதும்போது இது வேலைக்கு வரும். ஒரு நர்சரியில் 'இந்த வருஷப் புது ரகம்ணா, படத்துல இருக்கிற மாதிரியே வரும்' என்று பையன் தூக்கிக் கொடுத்த செடி, எட்டு மாதம் கழித்துப் பூத்தபோது என் வீட்டிலேயே இருந்த பழைய 'கிளேடியேட்டர்' தான். படத்தில் இருந்தது ஊதா.

செடியைத் தூக்கிப் பார்க்கும்போது பூவைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். காட்டு ரோஜா வேரின் மேல் ரகத்தை ஒட்டுக் கட்டிய இடம் முடிச்சு போலப் புடைத்திருக்கும். அதற்கு மேலிருந்து பென்சில் பருமனில் இரண்டு மூன்று கிளை வந்திருந்தால் போதும். முடிச்சுக்குக் கீழேயிருந்து ஒல்லியாக, ஏழு ஏழாகச் சிற்றிலை விட்டுக் கிளம்பும் குச்சி, பெரும்பாலும் அடியிலுள்ள அந்தக் காட்டு ரோஜா. அதை வெட்டினால் மறுபடி வரும். மண்ணை விலக்கி, கிளம்பும் இடத்திலேயே பிய்த்து எடுக்க வேண்டும்.

ஐரோப்பியக் காட்லாக்கைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே உருவாகும் ரகங்கள் குளிர்காலத்தில் இலை உதிர்த்து ஓய்வெடுத்துப் பழகியவை. கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கிற பெங்களூரில் அந்த ஓய்வு கிடையாது. வருடம் முழுக்கத் தளிர்தான். சில ரகம் இதில் கொழுக்கும், சில ரகம் இரண்டு வருடத்தில் களைத்துப்போகும். நம் நாட்டுச் சூட்டுக்கு ஏற்ற ரோஜா வேண்டும் என்று உழைத்தவர்கள் உண்டு. கோதுமை விஞ்ஞானியும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநருமான பி. பி. பால் ஏராளமான ரோஜாக்களை உருவாக்கினார். கொடைக்கானலில் எம். எஸ். வீரராகவன் நம் காட்டு ரோஜாக்களைக் கலந்து சூடு தாங்கும் வகைகளைத் தேடினார். அவருடைய 'கன்னியாகுமரி' ஒரு ஹைப்ரிட் டீ. கிடைத்தால் ஒன்று வளர்த்துப் பாருங்கள், ஒப்பிடவாவது உதவும்.

தொட்டி, மண், தண்ணீர்

பதினான்கு அங்குலத் தொட்டிக்குக் குறைந்து வேண்டாம். மண்ணுக்கு நான் கலப்பது: செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, தென்னைநார்த் தூளும் கொஞ்சம் மணலும் சேர்த்து ஒரு பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, ஒரு கைப்பிடி எலும்புத்தூள். வெளிநாட்டுப் புத்தகங்களில் ஒட்டு முடிச்சை மண்ணுக்குள் புதைக்கச் சொல்வார்கள். அது பனி கொட்டும் ஊருக்கு. இங்கே முடிச்சு மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலம் தெரியட்டும்.

தண்ணீர்தான் பெங்களூரில் தலைவலி. போர் தண்ணீர் உப்பு. இலையில் தெளித்தால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி நிற்கும், மேசையில் அது அசிங்கமாகத் தெரியும். அடுப்படி ஃபில்டர் கழித்துத் தள்ளும் தண்ணீர் அதைவிட உப்பு. அதைச் செடிக்கு ஊற்றிச் சிக்கனம் பிடித்ததில் எனக்கு இலை ஓரமெல்லாம் கருகியது. காவேரித் தண்ணீர் நல்லதுதான், ஆனால் 2024 மார்ச்சில் தட்டுப்பாடு வந்தபோது குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவே போட்டார்கள். அதற்கப்புறம் மழைத் தண்ணீருக்கு ஒரு டிரம் வாங்கினேன். இலையில் தெளிக்க அது, வேருக்கு மற்றது.

முதல் ஆறு மாதம் வரும் மொட்டையெல்லாம் பட்டாணி அளவிலேயே கிள்ளிவிடுங்கள். மனசு கேட்காது. வீட்டில் இருப்பவர்கள் 'பூக்க வாங்கிட்டு வந்து கிள்ளிப் போடுறீங்களே' என்பார்கள். செடி முதலில் வேரும் அடிக்கிளையும் விடட்டும்.

காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

லால்பாக்கில் வருடத்துக்கு இரண்டு மலர்க் கண்காட்சி: குடியரசு தினத்தை ஒட்டி ஜனவரியில், சுதந்திர தினத்தை ஒட்டி ஆகஸ்டில். 1889-இல் அடிக்கல் நாட்டிய அந்தக் கண்ணாடி மாளிகைக்குள் கூட்டத்தோடு நெருக்கிக்கொண்டு ஒரு தடவை சுற்றி வந்தாலே யாருக்கும் ஆசை வந்துவிடும். ரோஜா ஆர்வலர் சங்கங்கள் நடத்தும் வெட்டுப்பூப் போட்டிகளும் பெரும்பாலும் குளிர்மாதங்களில்தான். புதியவர்கள் ஜனவரியைக் குறிவைப்பது நல்லது. இரவில் பதினைந்து பதினாறு டிகிரிக்கு இறங்கும் குளிரில் பூ மெதுவாக விரியும், பெரிதாகும், நிறம் அழுத்தமாகும். ஆகஸ்டில் தூறல் நிற்காது. இதழ் அதிகமுள்ள ரகங்கள் நனைந்து ஒட்டிக்கொண்டு, விரியாமலே பந்தாகி அழுகும்.

கவாத்து செய்த, அதாவது கிளைகளை வெட்டிவிட்ட, நாளிலிருந்து பூ வரை குளிர்காலத்தில் என் மாடியில் 45 முதல் 55 நாள் ஆகிறது. இந்த எண் ரகத்துக்கு ரகம் மாறும். இதழ் கூடக் கூட நாளும் கூடும். புது ரகத்துக்கு எத்தனை நாள் என்று யாராலும் உங்களுக்குச் சொல்ல முடியாது. மூன்று செடி வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். போட்டி நாளிலிருந்து பின்னால் எண்ணி முதல் செடியை 54-ஆம் நாள், அடுத்ததை 50, மூன்றாவதை 46 என்று வெட்டுங்கள். ஒன்றாவது மாட்டும். எது மாட்டியது என்று எழுதி வையுங்கள், அடுத்த வருடம் அந்த ஒரு தேதி போதும்.

வெட்டும் முறை: செத்த குச்சி, ஒல்லிக் குச்சி, உள்நோக்கி வளர்வது மூன்றையும் அடியோடு எடுங்கள். நல்ல கிளைகளைப் பாதி உயரத்தில், வெளிநோக்கிய கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்த்து வெட்டுங்கள். வெட்டிய வாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு குழைத்துத் தடவுங்கள். தடவாவிட்டால் நுனியிலிருந்து கருகல் நோய் இறங்கும். கிளை கறுத்துக்கொண்டே கீழே வந்து ஒட்டு முடிச்சைத் தொட்டுவிட்டால் செடி போச்சு.

தளிர் விட்டதும் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு) கரையும் உரம் லிட்டருக்கு இரண்டு கிராம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை. இடையில் கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தெளிநீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஊற்றலாம். நாற்றத்துக்கு நான் பொறுப்பில்லை. எங்கள் தெருவில் அந்த வாரம் யாரும் மாடிக்குத் துணி காயப்போட வர மாட்டார்கள். மொட்டில் நிறம் தெரிந்ததும் உரத்தை நிறுத்திவிடுங்கள்.

பூச்சி, நோய் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். மழையில் கரும்புள்ளி: மான்கோசெப் லிட்டருக்கு இரண்டு கிராம், கீழே விழுந்த இலையைப் பொறுக்குவது அதைவிட முக்கியம். பனிக்காலத்தில் சாம்பல் நோய்: நனையும் கந்தகம், வெயில் ஏறுவதற்கு முன். கோடையில் சிவப்புச் சிலந்தி: இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீர் பீய்ச்சுங்கள். கோடையின் முதல் மழைக்கு அடுத்த இரவு டார்ச்சோடு மாடிக்குப் போனால் இலை தின்னும் வண்டுகளைக் கையால் பொறுக்கலாம்.

இலைப்பேன் மட்டும் தனி. கண்காட்சிப் பூவைக் கெடுப்பதில் அதற்கு நிகர் இல்லை. பாதி விரிந்த பூவை ஒரு வெள்ளைத் தாளுக்கு மேலே பிடித்து விரலால் சுண்டுங்கள். மஞ்சள் நூல் துண்டு மாதிரி ஏதோ ஓடும், அதுதான். வெளியிதழ் ஓரம் பழுப்பாகத் தீய்ந்திருப்பது வெயிலால் என்று நான் இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். மொட்டு மிளகளவாக இருக்கும்போதே வேப்பெண்ணெய்க் கரைசலை மொட்டின் மேல் படும்படி தெளிக்கத் தொடங்க வேண்டும். பூ விரிந்தபின் அடிப்பது வீண், கறையும் விழும்.

பக்க மொட்டு

நடு மொட்டுக்குக் கீழே, இலைக்கக்கத்தில், இரண்டு மூன்று குட்டி மொட்டுகள் வரும். ஹைப்ரிட் டீக்கான போட்டியில் தண்டுக்கு ஒரு பூதான். பக்க மொட்டு இருந்தால் தள்ளிவிடுவார்கள். கடுகளவில் இருக்கும்போது கட்டைவிரல் நகத்தால் பக்கவாட்டில் ஒரு தள்ளு. 'டிக்' என்று வந்துவிடும், காயம் நான்கு நாளில் மறைந்துவிடும். கடலை அளவு ஆனபின் கிள்ளினால் அங்கே கறுப்பு வடு நிற்கும். முந்தின நாள் ராத்திரி ஞாபகம் வந்து கிள்ளியிருக்கிறார் என்று நடுவருக்குத் தெரிந்துவிடும். அதனால் பல் தேய்க்கும்போதே மாடியை ஒரு சுற்று சுற்றிவிடுங்கள்.

நோட்டு

இனிதான் முக்கியமான வேலை. புது ரகத்தின் முதல் பூ எப்படி இருந்தாலும் அதை வைத்து ஒன்றும் முடிவெடுக்காதீர்கள். முதல் பூ மோசமாக இருக்கும், அப்புறம் செடி தேறும். அல்லது முதல் பூ தேவலோகத்துப் பூவாக இருக்கும், அதற்குப் பின் இரண்டு வருடம் ஒன்றுகூட அந்த மாதிரி வராது. இரண்டாவது வகைதான் ஆபத்து, ஏனென்றால் அந்த ஒரு போட்டோவை போனில் வைத்துக்கொண்டு அந்தச் செடிக்கு உரம் போட்டுக்கொண்டே இருப்போம்.

நடுவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் எதை எழுதுவது என்று தெரியும். அமெரிக்க ரோஜா சங்கத்தின் முறையில் மொத்தம் 100: வடிவத்துக்கு 25, நிறத்துக்கு 20, தண்டுக்கும் இலைக்கும் சேர்த்து 20, இதழின் திடத்துக்கு 15, பூவுக்கும் தண்டுக்கும் உள்ள பொருத்தத்துக்கு 10, அளவுக்கு 10. இங்கே ஒவ்வொரு போட்டியும் கொஞ்சம் மாற்றி வைக்கும். விதித்தாளை முதலில் வாங்கிப் படியுங்கள். ஆனால் போக்கு இதுதான். மணத்துக்கென்று தனிப் பிரிவு இருந்தால் ஒழிய, மணத்துக்கு இந்தப் பட்டியலில் ஒரு மதிப்பெண்ணும் இல்லை. தலையில் வைக்கிற பூவைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது அநியாயமாகத்தான் படும். அதேபோல 'எவ்ளோ பெரிய பூ!' என்று வீட்டில் எல்லோரும் வியப்பதற்குப் பத்துதான்.

வடிவத்தை மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் வட்டம். நடுக்கூம்பு ஒரே புள்ளியில் முடிய வேண்டும். சில ரகங்களில் அந்தக் கூம்பு இரண்டாகப் பிளந்து நிற்கும், நான் அதை ரெட்டை மூக்கு என்று எழுதுவேன். குளிரில் எப்போதாவது ஒன்று அப்படி வந்தால் பரவாயில்லை, பத்தில் நாலு வந்தால் அந்த ரகத்தின் குணமே அது. பூ பாதியிலிருந்து முக்கால் விரியும் வரைதான் அதன் மேசை நேரம். அந்த நிலையில் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதை எழுதுங்கள். இருபது இதழ் ரகம் காலை எட்டு மணிக்கு அம்சமாக இருந்து, பதினோரு மணிக்கு மகரந்தம் தெரிய வாயைப் பிளந்துவிடும். நடுவர் வருவதே பத்தரைக்கு.

நிறத்தை இரண்டு தடவை பாருங்கள்: காலை ஏழு மணிக்கு, மறுநாள் மதியம் மூன்று மணிக்கு. சிவப்பில் நீலம் பாய்கிறதா, ஆரஞ்சு வெளுக்கிறதா? 'டபுள் டிலைட்' மாதிரி வெயில் பட்டால் சிவப்பு ஏறும் ரகத்தை நிழலில் வைத்துவிட்டு நிறமில்லை என்று திட்டக் கூடாது. திடத்துக்கு வெளியிதழை இரண்டு விரலால் மெல்லத் தொடுங்கள். நல்ல இதழ் புது வெற்றிலை மாதிரி விறைப்பாக இருக்கும். தண்டுக்கு ஸ்கேல். பூவின் உயரத்தைப் போல ஐந்தாறு மடங்கு தண்டு நேராக, பூவைத் தலைகுனியாமல் தாங்க வேண்டும்.

இதெல்லாம் ஒரு பூவுக்கு. ரகத்துக்கு என்று நான் போடும் கணக்கு ஒன்றே ஒன்று: ஒரு சுற்றில் பூத்த பூக்களில் எத்தனையை மேசைக்குக் கொண்டுபோயிருப்பேன்? 'பத்துக்கு மூன்று' என்று எழுதுவேன். கூடவே கவாத்து தேதி, பூத்த தேதி, மழையா வெயிலா, எந்த நோய், புதிதாக அடிக்கிளை விட்டதா. ஒரு குளிர்காலம், ஒரு கோடை, ஒரு மழை, மறுபடி ஒரு குளிர்காலம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பத்துக்கு ஐந்து தொடர்ந்து வந்தால் அது தங்கம். பத்துக்கு ஒன்று, ஆனால் அந்த ஒன்று பிரமாதம் என்றால், அந்தச் செடிகள் நாற்பது வைத்திருப்பவருக்குத்தான் சரிப்படும்.

காட்சி நாள்

முந்தின நாள் பொழுது சாய்ந்த பிறகோ, அன்று விடியற்காலையோ வெட்டுங்கள். உடனே வாளித் தண்ணீரில் கழுத்து வரை இறக்கி, தண்ணீருக்குள்ளேயே அடியை இன்னொரு முறை சாய்த்து வெட்டுங்கள். பூ முந்திக்கொண்டால் ஃப்ரிட்ஜ் கைகொடுக்கும், ஆனால் உள்ளே வாழைப்பழமோ ஆப்பிளோ இருக்கக் கூடாது. பழத்திலிருந்து வரும் வாயு பூவைச் சீக்கிரம் முதிர வைத்துவிடும்.

ஆட்டோவில் போகிறவர்கள் பழைய கூல்டிரிங்க்ஸ் கிரேட் ஒன்றில் பாட்டில்களை நிறுத்தி, ஒவ்வொரு பூவுக்கும் நியூஸ்பேப்பரில் கூம்பு சுற்றி, கிரேட்டைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். ரிச்மண்ட் ரோடு சிக்னலில் நிற்கும்போது எட்டிப் பார்க்காதீர்கள், பார்த்தால் பதற்றம்தான்.

அங்கே போய்ச் செய்யக்கூடியவை: கெட்ட வெளியிதழை அடியோடு கழற்றலாம், பழுப்பேறிய இலை ஓரத்தை இலையின் வடிவத்திலேயே கத்தரிக்கலாம், இலையை ஈரத்துணியால் துடைக்கலாம். செய்யக் கூடாதது, வேறு எதையும் பூசுவது. முதல் வருடம் இலை பளபளக்கட்டும் என்று பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒவ்வோர் இலையாகத் தேய்த்துக்கொண்டு போனேன். நடுவர் பெரியவர் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, இலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு உருட்டு உருட்டினார். விரலை முகர்ந்தார். "என்ன தம்பி, தோசைக்கல்லா இது?" என்றார். அட்டையில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த பாட்டிலுக்குப் போய்விட்டார். அந்த வருடம் என்னிடம் இருந்ததிலேயே நல்ல பூ அது.

போட்டி முடிந்தபின் நடுவர்கள் நின்றால் பக்கத்தில் போய்க் கேளுங்கள், 'சார், இதில் என்ன குறை?' என்று. பெரும்பாலும் பொறுமையாகச் சொல்வார்கள். சொன்னதை அந்த ரகத்தின் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

தேறாத ரகங்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். நான் கொடுத்துவிடுவேன். ஒரு கருஞ்சிவப்பு ரகம் இரண்டு வருடம் பத்துக்கு ஒன்றைத் தாண்டவே இல்லை. கீழ்வீட்டு அக்காவிடம் கொடுத்தேன், அவர் காம்பவுண்டு சுவர் ஓரம் தரையில் நட்டார். தொட்டியில் நெருங்கிக் கிடந்த வேர் தரையில் இறங்கியதும் என்ன ஆனதோ, அடுத்த ஜனவரியில் மூன்றடித் தண்டில் ஏழு பூ. ரெட்டை மூக்கு ஒன்றுகூட இல்லை. நோட்டும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு கீழே போய் நின்றேன். அக்கா சாமி படத்துக்கென்று கத்தரியோடு வெளியே வந்தார். "என்ன தம்பி, பூவை அளக்கவா வந்தே?" என்று கேட்டுவிட்டு, நடுக்கிளையிலிருந்ததை நாலு அங்குலக் காம்போடு நறுக்கி எடுத்துப் போனார். மிச்சம் ஆறை அளந்து எழுதியிருக்கிறேன். அந்த ரகத்தின் பக்கத்தில் 'தொட்டியில்' என்ற வார்த்தையைப் பின்னால் சேர்க்க வேண்டியிருந்தது.